குட்டி யானையில் ஏறிய படுக்கையறை

ஏழேகால் அடி நீளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம், சுற்றிலும் ஓரடி உயரத் தகடு. டாடா ஏஸ் கோல்டு வண்டியின் பின்புறப் பாடி இவ்வளவுதான். கல்யாணம் முடிந்து தனிக்குடித்தனம் போகும் எத்தனையோ ஜோடிகளின் கட்டிலும் மெத்தையும் பீரோவும் இந்த இடத்துக்குள் அடங்கித்தான் வீடு வந்து சேர்கின்றன. காய்கறி, தண்ணீர் கேன், சிமென்ட் மூட்டை என்று எதை ஏற்றினாலும் தாங்கும் குட்டி யானை, ஒரு படுக்கையறையைச் சுமக்க எந்த அளவுக்கு ஏற்றது என்பதைச் சென்னையில் ஒரு புதுமணத் தம்பதி குடிபோனபோது கூடவே இருந்து பார்த்து எழுதிய விமர்சனம் இது.

முதலில் கணக்கு. குயின் சைஸ் மெத்தை 78 அங்குல நீளம், 60 அங்குல அகலம். பாடியின் நீளம் 2200 மில்லிமீட்டர், அகலம் 1490. அங்குலத்தில் சொன்னால் 86.6, 58.7. நீளவாக்கில் எட்டு அங்குலம் மிச்சம் இருக்கிறது. அகலத்தில் ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேலே இடிக்கிறது. மெத்தையைத் தகடுகளுக்கு நடுவே படுக்க வைக்க முடியாது. கடையில் கட்டிலைத் தட்டிப் பார்த்து, மெத்தையில் உட்கார்ந்து பார்த்து வாங்குகிறவர்கள் இந்த ஒன்றேகால் அங்குலத்தை யோசிப்பதில்லை. வண்டி வந்து நின்ற பிறகுதான் அது தெரிகிறது.

பெண் வீடு சாலிகிராமம். கட்டில் வாங்கிய கடை வடபழனியில், ஆற்காடு சாலையில். குடிபோகும் வீடு மேடவாக்கத்தில், மூன்றாவது மாடியில் ஒரு வாடகை அபார்ட்மென்ட். கட்டிலை ஆடித் தள்ளுபடியிலேயே பார்த்து அட்வான்ஸ் கொடுத்திருந்தார்கள். ஆனால் ஆடியில் புதுப்பொருளை எடுத்து வரப் பெரியவர்கள் சம்மதிக்கவில்லை. ஆவணியில் கல்யாணம், புரட்டாசி முழுக்க வீடு தேடல், ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடிபோவது என்று முடிவாயிற்று. அன்று ராகு காலம் மாலை நாலரைக்குத் தொடங்கும். அதற்குள் கட்டில் வீட்டுக்குள் போய்விட வேண்டும் என்பது பெண்ணின் அம்மா போட்ட ஒரே நிபந்தனை.

ஏற்ற வேண்டிய சாமான்கள் இவை: தேக்குச் சட்டம் போட்ட குயின் கட்டில், ரப்பர் கலந்த தென்னை நாரில் செய்த ஆறு அங்குல மெத்தை, சுவரில் மாட்டும் ஆளுயரக் கண்ணாடி, பெண் வீட்டுச் சீராக ஒரு இரும்பு பீரோ, இரண்டு தலையணை, போர்வை மூட்டை. எல்லாம் சேர்ந்தாலும் எடை 300 கிலோவைத் தொடாது. வண்டி சுமக்கக்கூடியது 750 கிலோ. படுக்கையறைச் சாமான்களைப் பொறுத்தவரை ஏஸ் வண்டிக்குப் பாரம் ஒரு பொருட்டே இல்லை. இடம்தான் பிரச்சினை. ஆகவே வண்டி பேசும்போது “எத்தனை கிலோ தாங்கும்?” என்று கேட்பதை விட, “பாடி எத்தனை அடி?” என்று கேட்பதே உருப்படியான கேள்வி.

ஏஸ் 2005 மே மாதம் சந்தைக்கு வந்தது. கிரீஷ் வாக் தலைமையிலான குழு உருவாக்கியது. விலை இரண்டேகால் லட்சம் ரூபாய். இண்டிகா காரின் 1405 சிசி நான்கு சிலிண்டர் டீசல் என்ஜினைப் பாதியாக்கினால் என்ன வருமோ, அதுதான் இதன் 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன் என்ஜின். அதுவரை சின்னச் சரக்கு என்றால் மூன்று சக்கர வண்டி. அதை விட்டால் பெரிய டெம்போ. நடுவே ஒன்றும் இல்லை. அந்த இடைவெளியை ஏஸ் பிடித்தது. வண்டியைத் திட்டமிட்ட நாட்களில் மூன்று சக்கர வண்டி ஓட்டும் ஓர் இளைஞர், நாலு சக்கர வண்டி இருந்தால் ஊரில் தனக்குப் பெண் கிடைப்பது சுலபமாகிவிடும் என்று சொன்னதாக பிறகு டாடா மோட்டார்ஸின் நிர்வாக இயக்குநரான ரவி காந்த் நினைவுகூர்ந்திருக்கிறார். கல்யாணத்தை நினைத்து ஒருவர் ஆசைப்பட்ட வண்டி, இன்று கல்யாணமான வீடுகளுக்குக் கட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 2017க்குள் 20 லட்சம் வண்டிகள் விற்றுவிட்டன.

வடபழனிக்கு வந்தது டீசல் ஏஸ் கோல்டு. 2018இல் அறிமுகமான வகை. டிரைவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கடைக்குப் பக்கத்து ஸ்டாண்டிலேயே வண்டி போடுகிறவர். பெண்ணின் தம்பி மெத்தையின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு வந்து பாடியில் படுக்கப் போட்டுப் பார்த்தான். வலது பக்கத் தகட்டில் ஏறி உட்கார்ந்தது.

“அக்கா, இது உள்ள போகாது.”

டிரைவர் பீடியை அணைத்துவிட்டு எழுந்து வந்தார். “படுக்க வச்சாதான் தம்பி இடிக்கும். அத இறக்கு. மொதல்ல பீரோ.”

அடுத்த அரை மணி நேரத்தில் அவர் செய்ததைப் படம் வரைந்து கடைகளில் ஒட்டி வைக்கலாம். முதலில் சாலிகிராமம் போய் பீரோவை ஏற்றினார். ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், 19 அங்குல ஆழம். பூட்டி, சாவியை எடுத்துப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு, பாடியின் தரையில் பழைய கம்பளியை விரித்து, முதுகுப்புறம் கீழே இருக்கும்படி நீளவாக்கில் இடது ஓரமாகக் கிடத்தினார். கதவு மேலே பார்த்திருக்கும். இதனால் கீல்களில் பாரம் விழாது. பீரோ மூன்றடியை எடுத்துக்கொண்டது போக, வலது பக்கம் 22 அங்குலச் சந்து மிஞ்சியது. முன்னால் எட்டு அங்குல இடைவெளி.

மறுபடி ஆற்காடு சாலைக்கு வந்து மற்றதை ஏற்றினார். அந்தச் சந்தில்தான் மொத்தக் கட்டிலும் மெத்தையும் போயின. எதையும் படுக்க வைக்கவில்லை. எல்லாவற்றையும் நிற்க வைத்தார். வலது தகட்டை ஒட்டி மெத்தை, 78 அங்குலப் பக்கம் தரையில் பதிய. அதை ஒட்டித் தலைமாட்டுப் பலகை. பிறகு கால்மாட்டுப் பலகை, இரண்டு ப்ளைவுட், இரண்டு பக்கச் சட்டம். பலகை ஒன்றோடொன்று உரசும் இடங்களில் கடையிலிருந்து வாங்கிய அட்டையைச் செருகினார். மிஞ்சிய இடத்தில் போர்வை மூட்டையும் தலையணையும் ஆப்பாக இறங்கின. முன்னால் இருந்த எட்டு அங்குல இடைவெளியில், கேபினை ஒட்டி, ரஜாய் சுற்றிய கண்ணாடி நின்றது. கண்ணாடியைப் படுக்க வைத்தால் பள்ளத்தில் குலுங்கும்போது நடுவில் விரியும், நிற்க வைத்தால் அந்த ஆபத்து குறைவு என்பது அவர் கணக்கு.

கயிறு கட்டியதையும் சொல்ல வேண்டும். கொக்கிகள் பாடியின் கீழ்விளிம்பில் இருக்கின்றன. அங்கிருந்து மேலே போகும் நைலான் கயிறு நேராக மெத்தை விளிம்பில் அழுந்தினால் தையல் பிரிந்துவிடும். அழுந்தும் ஒவ்வோர் இடத்திலும் மடித்த அட்டையை வைத்த பிறகே இறுக்கினார். கட்டி முடித்து, மெத்தையைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். வண்டியே ஆடியது, மெத்தை அசையவில்லை.

பாடியின் வடிவமைப்பில் ஒரு குறையை இங்கே குறிக்கலாம். ஓரடித் தகடு மூட்டைக்குப் போதும், நின்ற நிலையில் வரும் ஐந்தடி மெத்தைக்குப் பிடிமானம் தராது. பீரோ பக்கத்தில் இல்லாமல் வெறும் கட்டிலும் மெத்தையும் மட்டும் ஏற்றுகிறவர்கள், பக்கக் கம்பி கட்டி உயர்த்திய பாடி உள்ள வண்டியைக் கேட்டு வாங்குவது நல்லது. ஸ்டாண்டில் அப்படிப்பட்ட வண்டிகளும் நிற்கின்றன.

சிலர் மெத்தையைத் தகடுகளின் மேல் விரித்துப்போட்டுக் கட்டிக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கலாம். வண்டியின் மொத்த அகலமே 1500 மில்லிமீட்டர்தான் என்பதால் குயின் மெத்தை லேசாகவும், ஆறடி அகல கிங் மெத்தை இரண்டு பக்கமும் அரையடிக்கு மேலும் வெளியே துருத்தும். பக்கவாட்டில் துருத்தும் சுமைக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 20,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. அபராதத்தை விடுங்கள், பக்கத்தில் பைக்கில் வருகிறவரின் தோளில் இடிக்கும் என்பதே போதுமான காரணம். மெத்தை நின்றபடியே வரட்டும்.

கேபினில் டிரைவரோடு ஒருவர்தான் உட்கார முடியும். புதுமணத் தம்பதிக்கு இது எதிர்பாராத சிக்கல். யாராவது ஒருவர் வேறு வண்டியில் வர வேண்டும். சாமானோடு பாடியில் உட்கார்ந்து வருவது பலருடைய வழக்கம். அது சட்டப்படி தவறு, திடீர் பிரேக் போட்டால் உயிருக்கே ஆபத்து. இங்கே பெண் கேபினில் ஏறிக்கொண்டாள். மாப்பிள்ளையும் மச்சானும் ஸ்கூட்டரில் பின்னால் வந்தார்கள். அந்த ஏற்பாட்டில் ஒரு லாபமும் இருக்கிறது. பின்னால் வருகிறவர் கயிறு தளர்ந்தால் உடனே பார்த்துச் சொல்லலாம்.

என்ஜின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. டீசல் வண்டியில் அந்தச் சத்தமும் சூடும் கேபினுக்குள் நேரே வருகின்றன. போனில் பேச வேண்டுமானால் கத்த வேண்டும். கதவு லேசு, இருக்கை நிமிர்ந்தது, கால் நீட்ட இடமில்லை. ஆனால் முன்புறக் கண்ணாடி பெரியது. டிரைவருக்குச் சாலை நன்றாகத் தெரிகிறது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு அது வேறு கதை. அவர் தோளில் போட்டிருந்த துண்டு பாதி நேரம் கழுத்து வியர்வையைத் துடைக்கத்தான் பயன்பட்டது.

ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலைக்காகப் போட்ட தடுப்புகளுக்கு நடுவே வண்டி புகுந்து வந்த விதம் இதன் பெரிய பலத்தைக் காட்டியது. மொத்த நீளம் 3.8 மீட்டர், ஒரு சின்னக் காரின் அளவு. திரும்புவதற்கு 4.3 மீட்டர் ஆரம் போதும். நூறடி சாலை, கத்திப்பாரா, உள்வட்டச் சாலை, வேளச்சேரி, பள்ளிக்கரணை வழியாக மேடவாக்கம் சுமார் 18 கிலோமீட்டர். கத்திப்பாரா பாலம் ஏறும்போது 16 குதிரைத்திறன் என்றால் என்னவென்று புரிந்தது. கியர் இறங்கி, சத்தம் ஏறி, பின்னால் வந்த கார்கள் ஹார்ன் அடித்து விலகின. வண்டி நிற்கவில்லை, திணறவும் இல்லை, தன் வேகத்தில் ஏறியது. பெட்ரோல் வகையில் 694 சிசியும் 30 குதிரைத்திறனும் உண்டு. ஏற்றமும் பாலமும் அதிகமுள்ள பாதை என்றால் அது சௌகரியம்.

தூக்கிப்போடுவதுதான் உண்மையான குறை. முன்னும் பின்னும் இலைப்பட்டை வில். முன்பக்கமும் ஒரே தண்டாக அச்சு. முழுப் பாரத்தில் இது அமைதியாக ஓடும். 300 கிலோ கூட இல்லாத சாமானுக்கு வில் கொஞ்சமும் அழுந்தாது. ஒவ்வொரு பள்ளமும் பலகைக்கு அப்படியே போய்ச் சேரும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய திறந்த வெளியில் எதிர்க்காற்றும் சேர்ந்துகொண்டது. ஐந்தடி உயரத்துக்கு நிற்கும் மெத்தை, காற்றுக்குப் பாய்மரம். டிரைவர் 35 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. வேக வரம்பை விட அவர் மெத்தையின் சரசரப்பைத்தான் கேட்டு ஓட்டினார். மேசைக் கண்ணாடி, பீங்கான், டிவி போன்றவற்றை இந்த வண்டியில் ஏற்றாமல் காரில் தனியாகக் கொண்டுபோவது புத்திசாலித்தனம்.

ஐப்பசி என்றால் வடகிழக்குப் பருவமழை. திறந்த பாடிக்கு இதுதான் பெரிய சோதனை. தேக்குக்கு மழை பட்டால் துடைத்துக் காயவைத்துவிடலாம். எம்.டி.எஃப்., பார்ட்டிக்கிள் போர்டு கட்டில்களின் ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் பலகை உப்பிக்கொள்ளும், பிறகு சுருங்காது. தென்னை நார் மெத்தை நனைந்தால் உள்ளே காயவே நாட்கள் ஆகும், வாடையும் பிடிக்கும். கடையில் சுற்றித் தரும் பிளாஸ்டிக் உறை கயிறு உரசும் இடத்தில் முதலில் கிழியும். இந்த டிரைவர் தார்ப்பாய் வைத்திருந்தார், வேளச்சேரியில் தூறல் விழுந்ததும் ஓரங்கட்டிப் போர்த்தினார். எல்லா வண்டியிலும் தார்ப்பாய் இருக்கும் என்று நம்ப முடியாது. போனிலேயே கேட்டுவிட வேண்டும்.

மழை மாதத்தில் குடிபோகிறவர்களுக்கு ஏஸ் இவி ஒரு நல்ல மாற்று. 2022இல் அறிமுகமான மின்சார வகை, 208 கன அடி மூடிய பெட்டியோடு வந்தது. 21.3 கிலோவாட் அவர் பேட்டரி, ஒரு சார்ஜில் 154 கிலோமீட்டர் என்று சான்று பெற்றது, 600 கிலோ சுமை. ஊருக்குள் ஒரு வீட்டுச் சாமானுக்கு இது தாராளம். மழை இல்லை, தூசி இல்லை, இரைச்சலும் இல்லை. கம்பெனிகளின் டெலிவரி வேலைக்கே இவை பெரும்பாலும் ஓடுவதால் ஸ்டாண்டில் கிடைப்பது அரிது.

மேடவாக்கத்தில் வண்டி கேட்டுக்குள் நுழைந்து, தூண்களுக்கு நடுவே பின்பக்கமாக வந்து, லிஃப்ட் வாசலுக்குப் பத்தடியில் நின்றது. இதை விடப் பெரிய அசோக் லேலண்ட் தோஸ்த் வந்திருந்தால் தெருவிலேயே நின்றிருக்கும். ஐம்பதடி தூரம் பீரோவைத் தூக்கி நடப்பதற்கும் பத்தடி நடப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தூக்குகிறவரின் இடுப்பைக் கேட்டால் தெரியும். குட்டி யானைக்குக் கொடுக்கும் வாடகை நியாயம் என்று தோன்றும் இடம் இதுதான்.

அடுத்து லிஃப்ட். ஆறு பேர் லிஃப்ட். இந்தியத் தரக் கணக்கில் ஒருவருக்கு 68 கிலோ வீதம் 408 கிலோ தாங்கும். உள்ளே 1100 மில்லிமீட்டர் அகலம், 1000 மில்லிமீட்டர் ஆழம், கதவு 700 மில்லிமீட்டர் அகலம், 2000 மில்லிமீட்டர் உயரம். இந்த நான்கு எண்களும் தெரிந்தால் எது லிஃப்டில் போகும், எது படியேறும் என்பதைக் கடையிலேயே தீர்மானித்துவிடலாம்.

பீரோ கனமானது, அதனால் லிஃப்டில் போகாது என்றுதான் மாப்பிள்ளை நினைத்திருந்தார். கணக்கு வேறு சொன்னது. 19 அங்குல ஆழம் என்பது 483 மில்லிமீட்டர், கதவுக்குள் தாராளமாக நுழையும். மூன்றடி அகலம் 914 மில்லிமீட்டர், லிஃப்டின் ஆழத்துக்குள் அடங்கும். உயரம் 1981. கதவின் உயரத்தோடு வித்தியாசம் இரண்டு விரல் கூட இல்லை. அடியில் ஸ்டாண்ட் இல்லாத பீரோ என்பதால் பிழைத்தது. நிற்க வைத்தபடியே, கம்பளியின் மேல் வைத்துக் கம்பளியை இழுத்து, பக்கவாட்டில் உள்ளே நகர்த்தினார்கள். சாய்த்தால் மேல்சட்டத்தில் முட்டும், தூக்கினாலும் முட்டும். “மாமா, தூக்காதீங்க, தள்ளுங்க மட்டும்” என்று மச்சான் கத்திக்கொண்டே இருந்தான். கூட ஆள் ஏற இடமில்லை. பட்டனை அமுக்கிவிட்டு, மூன்றாவது மாடிக்குப் படியேறி ஓடினான்.

மெத்தை லேசானது, ஒருவரே சாய்த்து நடத்திக்கொண்டு போகலாம். அதுதான் லிஃப்டுக்குள் போகவில்லை. நிற்க வைத்தால் உயரம் சரி, அகலம் 60 அங்குலம். லிஃப்டின் மூலைக்கு மூலை அளந்தால் 58.5 அங்குலம். வண்டியின் பாடியில் இடித்த கிட்டத்தட்ட அதே அளவு இங்கேயும் இடித்தது. பஞ்சு மெத்தையாக இருந்தால் சுருட்டிவிடலாம். போடி இலவம்பஞ்சு மெத்தையில் தூங்கி வளர்ந்தவர்களுக்கு மெத்தை என்றால் சுருட்டித் தோளில் போடுகிற பொருள்தான். ரப்பர் கலந்த நார் மெத்தையை மடித்தால் உள்ளே நார்க்கட்டு முறியும், முறிந்த இடம் பிறகு பள்ளமாகவே கிடக்கும். ஸ்பிரிங் மெத்தையையும் மடிக்கக் கூடாது. ஆக மெத்தை படியேறியது. ஒவ்வொரு திருப்பத்திலும் அதை நட்டுக்குத்தலாக நிறுத்தித் திருப்ப வேண்டியிருந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் யாரோ வைத்திருந்த செருப்பு அலமாரியைப் பக்கத்து வீட்டம்மா நகர்த்திக் கொடுத்தார்.

வெற்றிடத்தில் அழுத்திச் சுருட்டி அட்டைப் பெட்டியில் வரும் ஃபோம் மெத்தைகள் இந்த இடத்தில் கைகொடுக்கின்றன. எந்த லிஃப்டிலும் போகும், காரின் பின்சீட்டிலும் போகும். பிரித்த பின் முழு அளவுக்கு உப்ப ஓரிரு நாள் ஆகும். மூன்றாம் மாடிக்கு மேல், சின்ன லிஃப்ட், குறுகிய படிக்கட்டு உள்ள வீட்டுக்குப் போகிறவர்கள் அதையும் யோசிக்கலாம். முதுகுக்குக் கெட்டியான மெத்தைதான் வேண்டும் என்றால் நார் மெத்தைக்கே போய், படிக்கட்டை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். போன் கேமராவில் அளவெடுக்கும் செயலிகள் அறையின் நீளம் அகலத்துக்குப் போதும். அரை அங்குலம், ஒரு அங்குலம் தீர்மானிக்கும் இடங்களில் இரும்பு டேப்தான் நம்பகமானது.

பணத்தைப் பற்றி. வண்டி வாடகை வேறு, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி வேறு, மாடிக்கூலி வேறு. போர்ட்டர் போன்ற செயலியில் பதிந்தால் வாடகை முன்கூட்டியே தெரியும். தாமதித்தால் காத்திருப்புக்குத் தனிக் கட்டணம் ஏறும். டிரைவர் இறக்கிக் கொடுப்பார் என்பது அதில் தானாகச் சேராது. ஸ்டாண்டில் பேசினால் பேரம் பேச வேண்டும், ஆனால் மேலே கண்டது போன்ற கைதேர்ந்த டிரைவர் கிடைக்க வாய்ப்பு அதிகம். இரண்டு இடத்தில் ஏற்றுவது, மூன்றாவது மாடி, லிஃப்டின் அளவு, மெத்தை படியேற வேண்டும் என்பது எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லித் தொகை பேசிவிட்டால் வாசலில் வாக்குவாதம் வராது. இங்கே பெண் அதைத்தான் செய்தாள். “அண்ணா, மொத்தமா சொல்லுங்க, அப்புறம் கூட கேட்கக் கூடாது” என்று சாலிகிராமத்திலேயே பேசி முடித்திருந்தாள். இறக்கி முடித்ததும் அவரும் பேசிய தொகைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. காபி கொடுத்தார்கள், குடித்துவிட்டுப் போனார்.

மற்ற வண்டிகளோடு ஒப்பிட்டால் இப்படி. மீன்பாடி வண்டியில் கட்டிலும் மெத்தையும் போவதைச் சென்னையில் இன்றும் பார்க்கலாம். பக்கத்துத் தெருவுக்கு என்றால் செலவு குறைவு, மேம்பாலமும் 18 கிலோமீட்டரும் அதற்கானவை அல்ல. மூன்று சக்கர ஆப்பே ஒற்றைக் கட்டிலுக்குச் சரி. அசோக் லேலண்ட் தோஸ்த், 2011இல் நிசானோடு கூட்டாக வந்தது, ஒசூரில் தயாராவது, ஒன்றேகால் டன் சுமக்கும். கிங் சைஸ் கட்டில், மூன்று கதவு மர அலமாரி, டிரெஸ்ஸிங் டேபிள் என்று முழு செட் வாங்குகிறவர்கள் தோஸ்த் பேசுவதே சரி. ஏஸ் வண்டியில் இரண்டு நடை அடித்தால் நேரமும் வாடகையும் இரட்டிப்பாகும். கிங் சைஸ்தான் வேண்டும், தெருவோ குறுகல் என்றால், 78க்கு 36 அளவில் இரண்டு மெத்தையாக வாங்கிச் சேர்த்துப் போடலாம். இரண்டும் ஏஸ் பாடியில் அடங்கும். லிஃப்டிலும் நின்றபடி ஏறும்.

ஒரு குயின் கட்டில், ஒரு மெத்தை, ஒரு பீரோ என்ற அளவுக்கு ஏஸ் கோல்டை விடப் பொருத்தமான வண்டி இப்போது தெருவில் இல்லை. ஒரே நடையில் முடிகிறது, எந்தச் சந்திலும் நுழைகிறது, வாசல் வரை வருகிறது. தூக்கிப்போடும், மழைக்குத் தார்ப்பாய் வேண்டும், ஜோடியாக உட்கார்ந்து வர முடியாது. இந்த மூன்றுக்கும் முன்கூட்டியே வழி செய்துகொள்ளலாம்.

வண்டி பதியும்போது ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். 2025 ஜூன் மாதம் 3.99 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் ஏஸ் ப்ரோ என்ற புது வகை வந்திருக்கிறது. அதுவும் 750 கிலோ சுமக்கும், பெட்ரோல், சிஎன்ஜி, மின்சாரம் என்று மூன்று விதத்தில் கிடைக்கிறது. ஆனால் அதன் பாடி நீளம் ஆறரை அடி, அதாவது சரியாக 78 அங்குலம். மெத்தையின் நீளமும் பீரோவின் நீளமும் அதே 78 அங்குலம். கண்ணாடியை வைக்க முன்னால் இடம் இருக்காது, பின்கதவைத் திறந்து கட்டித்தான் பக்கச் சட்டங்களைக் கொண்டுபோக வேண்டியிருக்கும். “ஏஸ் அனுப்புங்க” என்று மட்டும் சொன்னால் இரண்டில் எதுவும் வரலாம். ஏஸ் கோல்டு, ஏழேகால் அடி பாடி என்று சொல்லிக் கேளுங்கள்.